மின்சார மோட்டார்ஹோம் டர்பன் குடும்பத்துக்குச் சரிப்படுமா?

கேள்வி இது: "தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். நானும் மனைவியும் ஓய்வு பெற்றாயிற்று. பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு டிராகன்ஸ்பர்க் மலை, செயின்ட் லூசியா கடற்கரை, வருடம் ஒருமுறை க்ரூகர் வனவிலங்குப் பூங்கா என்று சுற்ற ஒரு மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிச் சமைக்கக்கூடிய வண்டி) வாங்க ஆசை. மகள் வீடு ஜொகன்னஸ்பர்க்கில். மருமகன், 'மாமா, இனிமே டீசல் வாங்காதீங்க, எலெக்ட்ரிக் இல்லேன்னா ஹைப்ரிட் பாருங்க' என்கிறார். என் 3 (N3) நெடுஞ்சாலையில் மலை ஏறும்போது நடுவழியில் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கேம்பில் சார்ஜ் போட விடுவார்களா?"

பதில்:

நடுவழியில் நிற்கும் பயத்தை முதலில் தள்ளி வையுங்கள். கணக்குப் போட்டால் தீர்ந்துவிடும் பயம் அது. கையைக் கடிக்கிற விஷயங்கள் வேறு மூன்று: வண்டியின் எடை, வண்டியின் உயரம், கேம்பில் இருக்கும் அந்த நீல நிற பிளக். யாரும் கேட்காமல் விடுவதும் இந்த மூன்றைத்தான்.

இங்கே எதை வாங்க முடியும் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வெளிநாட்டில் காட்டியவை பல உண்டு. 2023-இல் வின்னபேகோ காட்டிய இ-ஆர்வி 2, ஃபோர்ட் இ-ட்ரான்சிட் வேன் மேல் கட்டியது. 68 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 108 மைல், அதாவது சுமார் 174 கிலோமீட்டர் என்று அவர்களே சொன்னார்கள். 2024-இல் தோர் நிறுவனமும் ஹார்பிஞ்சரும் சேர்ந்து ஒரு பெரிய ஹைப்ரிட்டைக் காட்டினார்கள்: 140 யூனிட் பேட்டரி, கூடவே பேட்டரியை நிரப்ப ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர், மொத்தம் 500 மைல். இவை அமெரிக்காவுக்கானவை, இடது பக்க ஸ்டீயரிங். அப்படிப்பட்ட வண்டியை இங்கே பதிவு செய்ய முடியாது. பழைய வண்டிகளை இறக்குமதி செய்யவும் பொதுவாக அனுமதி கிடையாது. புதிதாக வரும் மின்சாரக் காருக்கு 25 சதவீத இறக்குமதி வரி. ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல், டீசல் காருக்கு 18. ஆகவே உங்கள் முன்னால் இருக்கும் வழிகள் இரண்டே இரண்டு. மின்சார வேன் ஒன்றை வாங்கி உள்ளே வீடு கட்டுவது, அல்லது ஹைப்ரிட் பக்கி (பிக்கப் வண்டி) ஒன்றை வாங்கி, பின்னால் கேரவன் (சக்கர வீடு) மாட்டி இழுப்பது. (தமிழ்நாட்டுக்காரரிடம் "பக்கி வாங்கினேன்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். இங்கே அது மரியாதையான வண்டிதான்.)

இனி கணக்கு. ஒரு கிலோவாட்-மணியை நாம் வீட்டு மீட்டரில் சொல்வதுபோல ஒரு யூனிட் என்றே சொல்கிறேன்.

மோட்டார்ஹோமுக்குப் பெரிய எதிரி காற்று, பேட்டரி அல்ல. உயரக் கூரை வேன் ஒன்று, ஆட்களும் சாமானும் சேர்ந்து 3,500 கிலோ என்று வைத்துக்கொண்டால், சமதளத்தில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போக 100 கிலோமீட்டருக்குச் சுமார் 29 யூனிட் பிடிக்கும். 100-இல் 34. 120-இல் 44, 45. ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி மாதிரியான மோட்டார்ஹோம் என்றால் 90-இல் 42, 100-இல் 50, 120-இல் 67 வரை போகும். அதே எடை, அதே மோட்டார். நெற்றி அகலம் மட்டும் வேறு. டீசல் வண்டியிலும் இதே விதிதான், ஆனால் 90 லிட்டர் டேங்க் அதை மறைத்துவிடுகிறது. பேட்டரி மறைக்காது.

79 யூனிட் பேட்டரி உள்ள வேனில், அடியில் 10 சதவீதத்தைத் தொடாமல் விட்டால் கையில் 71 யூனிட். 90-இல் போனால் 240 கிலோமீட்டர். 120-இல் போனால் 160. மருமகன் காட்டும் விளம்பரத்தாளில் 280, 300 என்று இருந்தால், அது காலி வேனை நகரமும் சாலையும் கலந்து ஓட்டிப் பார்த்த எண். எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் வீசினால் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஜொகன்னஸ்பர்க் வழியில் ஹாரிஸ்மித் தாண்டி வார்டன் பக்கம் திறந்த வெளியில் ஓட்டியவர்களுக்கு அந்தக் காற்று தெரிந்திருக்கும். ஒரு சின்ன ஆறுதல், அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் தடையும் அவ்வளவுக்குக் குறைவு.

மலைக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. 3,500 கிலோ வண்டிக்கு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 1 யூனிட் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். டர்பன் கடல் மட்டம். ஜொகன்னஸ்பர்க் சாலையில் உள்ள மோய் ரிவர் ஊர் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், 145 கிலோமீட்டர் தூரத்தில். ஆகவே 90-இல் போனால் தூரத்துக்கு 42, ஏற்றத்துக்கு 15, மொத்தம் 57 யூனிட். 79-இல் 22 மிஞ்சும். நிற்காது. மலையில் மின் மோட்டார் மூச்சு வாங்குவதும் இல்லை. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஜொகன்னஸ்பர்க் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும், மின் மோட்டாருக்கு அந்தக் குறை கிடையாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில் (Town Hill) ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது.

சிக்கல் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து திரும்பும்போது ஹாரிஸ்மித்தில் நிறுத்தி, "இனி டர்பன் வரை கவலை வேண்டாம்" என்று 100 சதவீதம் நிரப்பிவிட்டு வான் ரீனன் கணவாயில் இறங்குகிறார்கள். பேட்டரியில் இடமில்லை என்றால் வண்டி இறக்கத்தின் சக்தியைத் திருப்பி எடுத்துக்கொள்ளாது. பெடலில் காலை எடுத்தால் வழக்கமாக இழுத்துப் பிடிக்கும் வண்டி திடீரென்று சறுக்கிக்கொண்டு ஓடும். மூன்றரை டன்னும் பிரேக் தட்டுகள் மேல் வந்து விழும். கீழே சேரும்போது கருகல் வாடை வரும். இறக்கத்துக்கு முன் 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கேரவன் இழுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முன் வண்டி மோட்டாரால் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் கேரவன் முன்னால் தள்ளும், அதன் தள்ளு-பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் அது விடாமல் உரசிக்கொண்டே வரும். கீழே வந்ததும் நிறுத்தி, சக்கர மையத்துக்கு அருகே கையை நீட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனலாக இருந்தால் அந்தப் பக்க பிரேக் சரிசெய்யப்பட வேண்டும்.

ஜொகன்னஸ்பர்க் 570 கிலோமீட்டர். வேனில் 90-இல் போனால் ஏற்ற இறக்கம் சேர்த்து 190 யூனிட்டை ஒட்டி வரும். வீட்டில் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் சாலையில் 120 யூனிட் வாங்க வேண்டும். 60 கிலோவாட் சார்ஜரில் அது மூன்று நிறுத்தங்களில் இரண்டே கால் மணி நேரம், யாரும் வரிசையில் இல்லாத நாளில். 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைந்துவிடும், ஆகவே ஒரே இடத்தில் உட்கார்ந்து வழிய வழிய நிரப்புவது நேர விரயம். 10-லிருந்து 75, 80 வரை போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு நகர்வதே சரி.

பணம்? டீசல் லிட்டர் 20 ராண்ட், சாலை சார்ஜர் யூனிட் 7 ராண்ட், வீட்டு மின்சாரம் 3 ராண்ட் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். இன்றைய விலையை நீங்களே பதிலாகப் போட்டுக்கொள்ளலாம். டீசல் வேன் 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் என்றால் இந்தப் பயணத்துக்கு 1,250 ராண்ட். மின்சார வேனுக்கு 120 யூனிட் சாலையில் 840, வீட்டில் போட்டது 240, மொத்தம் 1,080. வித்தியாசம் 170 ராண்ட். வழியில் டீயும் பையும் (pie) வாங்கினால் தீர்ந்துபோகும். வீட்டில் போட்டு வீட்டுக்கே திரும்பும் பயணங்களில்தான் மின்சார வண்டி லாபம் தரும். வருடம் 6,000, 8,000 கிலோமீட்டர் ஓடும் மோட்டார்ஹோமில் எரிபொருள் மிச்சத்தை நம்பி வாங்கிய விலையை ஈடுகட்ட முடியாது. இதை மருமகனிடம் தயங்காமல் சொல்லலாம்.

இப்போது உயரம். கிரிட்கார்ஸ் போன்ற நிறுவனங்களின் ஆப்பைத் திறந்தால் வரைபடத்தில் பச்சைப் புள்ளிகள் நிறைய தெரியும். அவற்றில் எத்தனை உங்களுக்குப் பயன்படும் என்பதுதான் கேள்வி. பல சார்ஜர்கள் மால்களின் அடித்தள பார்க்கிங்கில் இருக்கின்றன. அங்கே வாசலில் தொங்கும் மஞ்சள் கம்பியில் 2.1 மீட்டர் என்று எழுதியிருக்கும். உங்கள் வேன் கூரை 2.6, மேலே ஏசியும் சோலார் தகடும் வைத்தால் 2.9. இன்னும் சில, கார் விற்பனைக்கூட வளாகத்துக்குள். மாலையில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பெட்ரோல் நிலையத்தில் இருப்பவை பரவாயில்லை, ஆனால் அங்கும் கட்டம் 5 மீட்டர் காருக்குப் போட்டது. 6 மீட்டர் வேனை மூக்கு உள்ளே விட்டால் வால் நடைபாதையை மறிக்கும். சார்ஜ் துளை பின்பக்க மூலையில் இருந்தால் கேபிள் எட்டாது, பின்னால் வந்து நிற்க வேண்டும். கேரவன் மாட்டியிருந்தால் அதைக் கழற்றி எங்காவது ஓரமாக விட்டுவிட்டுத்தான் சார்ஜ் போட முடியும். குடும்பத்தோடு போகும்போது இதுவே அரைமணி நேர வேலை. ஆகவே பயணத்துக்கு முந்தைய இரவு, நிறுத்த நினைக்கும் ஒவ்வொரு சார்ஜரையும் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிடுங்கள். கூரை இருக்கிறதா, நேராக ஓட்டி வெளியே வர வழி இருக்கிறதா, சார்ஜ் துப்பாக்கி (வண்டியில் செருகும் கைப்பிடி) ஒன்றா இரண்டா. ஒரே ஒரு துப்பாக்கி உள்ள இடத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். அடுத்த சார்ஜர் வரை போகும் அளவு மிச்சம் இருக்கும்போதே அங்கே சேர வேண்டும். 2024 நவம்பரில் வடமேற்கு மாகாணத்தில் வோல்மரன்ஸ்டாட் அருகே மின்வாரிய இணைப்பே இல்லாமல் சோலாரில் ஓடும் நிலையம் ஒன்று திறந்தார்கள். அந்த மாதிரி திறந்தவெளி நிலையங்கள் என் 3 நெடுக வந்தால் இந்தப் பத்தியை அழித்துவிடலாம்.

கேம்புக்கு வருவோம். அனுபவமுள்ளவர்கள்கூடத் தவறு செய்யும் இடம் இதுதான்.

நம் கேம்ப் இடங்களில் இருக்கும் மூன்று முள் நீல பிளக் 16 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது 3.7 கிலோவாட். "பன்னிரண்டு மணி நேரத்தில் 44 யூனிட் ஏறிவிடும், காலையில் பாதிக்கு மேல் நிரம்பிவிடும்" என்று கணக்குப் போடத் தோன்றும். காகிதத்தில் சரி. அந்தப் பெட்டியோ, கேரவனில் விளக்கும் ஃபிரிட்ஜும் ஓட, எப்போதாவது கெட்டில் நாலு நிமிடம் கொதிக்க என்று அமைத்தது. கெட்டிலும் நிறைய மின்சாரம் இழுக்கும், ஆனால் உடனே நின்றுவிடும், செம்பு ஆறிவிடும். கார் சார்ஜர் இரவு முழுக்க விடாமல் இழுக்கும். செயின்ட் லூசியா மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் துளைக்குள் இருக்கும் பித்தளை பச்சை பூத்திருக்கும், பிடி தளர்ந்திருக்கும். தொடுமிடம் சிறுத்தால் அங்கே சூடு. பிளாஸ்டிக் முதலில் பழுப்பாகும், பிறகு முள் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், கடைசியில் உருகும். காலையில் பிளக்கைப் பிடுங்கினால் பாதி துளை கூடவே வரும்.

அதற்கான வழி: கையடக்க சார்ஜரில் ஆம்பியரைக் குறைக்கும் வசதி இல்லாவிட்டால் அதை வாங்காதீர்கள். கேம்பில் 10 ஆம்பியருக்கு மேல் வைக்க வேண்டாம். பழைய பெட்டி என்றால் 8. செருகுவதற்கு முன் முட்களையும் துளையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். போட்ட அரைமணி நேரம் கழித்து பிளக்கைக் கையால் பிடியுங்கள். இளஞ்சூடு என்றால் பரவாயில்லை. பிடித்து வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு வேறு பெட்டி கேளுங்கள். நீட்டுக் கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர், ரப்பர் உறை, 25 மீட்டருக்குள். உருளையில் சுற்றியிருந்தால் முழுவதும் அவிழ்த்துப் போட வேண்டும். சுற்றிய நிலையில் நடுச் சுருள் வெந்துவிடும். 10 ஆம்பியரில் மாலை 6 முதல் காலை 6 வரை 27 யூனிட் ஏறும், அதாவது 90 கிலோமீட்டர். இரண்டு இரவு தங்கினால் 180. டிராகன்ஸ்பர்க்கின் மஹாய் கேம்பில் மூன்று நாள் இருப்பவருக்கு இதுவே தாராளம்.

சில நேரம் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி ஒன்றும் செய்யாமல் இருக்கும். பெரும்பாலும் எர்த் பிரச்சினை. கார் சார்ஜர் முதலில் எர்த்தைச் சோதிக்கும், கெட்டில் சோதிக்காது. அதனால்தான் "கெட்டில் ஓடுதே, இது ஏன் ஓடல" என்ற குழப்பம். பக்கத்துப் பெட்டியில் போட்டுப் பாருங்கள். சின்ன ஜெனரேட்டரிலோ இன்வெர்ட்டரிலோ போடும்போதும் இதே சிவப்பு விளக்கு வரும், அங்கே நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். அதை எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு முறையாக இணைக்க வேண்டும், வீட்டிலேயே கம்பியை முறுக்கிச் சரிசெய்யும் விஷயம் அல்ல. மாலை 6, 7 மணிக்கு எல்லோரும் சமைக்கும்போது கேம்பின் கடைசிப் பெட்டியில் வோல்ட் இறங்கும். 207-க்குக் கீழே போனால் சார்ஜர் தயங்கும், விட்டுவிட்டு ஓடும். இரவு 9-க்குப் பிறகு தொடங்கும்படி நேரம் வைத்தால் உங்களுக்கும் நல்லது, பக்கத்து கேரவன்காரரின் சோறும் வேகும்.

அனுமதி பற்றி: முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கட்டணத்துக்குள்ளேயே மின்சாரம் சேர்த்துக் கொடுக்கும் இடத்தில் ஒரு இரவுக்கு 27 யூனிட் எடுத்தால் நிர்வாகி முகம் சுளிப்பது நியாயம்தான். தனியாகப் பணம் தருகிறேன், 10 ஆம்பியரில்தான் போடுவேன் என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேச்சு அதிலேயே முடியும். லோட் ஷெட்டிங் 2023-இல் இருந்த மாதிரி இப்போது இல்லை. 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் நின்றது, 2025 முதல் பாதியில் சில நாள் திரும்பி வந்து போனது. ஆனாலும் தூரத்து கேம்பில் மின்கம்பி அறுந்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 30 சதவீதத்தோடு கேம்பில் போய் இறங்கும் பழக்கம் வேண்டாம்.

வண்டியை ஓட்டும் மின்சாரம் வேறு, வண்டிக்குள் வாழும் மின்சாரம் வேறு. இரண்டாவது சின்ன விஷயம். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நாளுக்கு 0.6 யூனிட், விளக்கு, போன், மின்விசிறி எல்லாம் சேர்த்து 0.5, நான்கு பேருக்கு இண்டக்ஷனில் சமைத்தால் 1.5 முதல் 2. மிக்சியில் சட்னி அரைப்பது கணக்கிலேயே வராது. ஆக நாளுக்கு 3 யூனிட். டிசம்பர் டர்பன் புழுக்கத்தில் இரவு 8 மணி நேரம் ஏசி போட்டால் அதோடு இன்னும் 5, 6 சேரும். கூரையில் 400 வாட் சோலார் நல்ல வெயில் நாளில் 1.5 யூனிட் தரும். ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் அது போதும். அந்த 1.5 யூனிட்டை ஓட்டுவதற்குப் பயன்படுத்தினால் 5 கிலோமீட்டர் போகலாம். "சோலார் மோட்டார்ஹோம், பெட்ரோலே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

எடைதான் மூன்றாவது சங்கதி. பேட்டரி ஒரு யூனிட்டுக்குச் சுமார் 6 கிலோ. 79 யூனிட் என்றால் அரை டன்னுக்கு நெருக்கம். மின்சார வேன் காலியாகவே 2,600 கிலோ வந்துவிடும். உள்ளே படுக்கை, அலமாரி, ஃபிரிட்ஜ், கழிப்பறை, கூரை ஏசி என்று கட்ட 450, 500. மிச்சம் 400. நீங்கள் இருவரும் பேரப்பிள்ளைகளும் 230, தண்ணீர் 100 லிட்டர் 100 கிலோ, கேஸ் சிலிண்டர் நிரம்பியது 15, கூடாரமும் நாற்காலியும் 40. துணி, அரிசிப் பாத்திரம், பிராய் (கரியில் இறைச்சி சுடும்) அடுப்பு இன்னும் ஏறவில்லை. மொத்தம் 3,500 தாண்டினால் அனுமதித்த சுமையை மீறியதாகும்; அதற்கு மேல் அனுமதி எடை உள்ள வேன் என்றால் கோட் 8 (கார்) லைசென்ஸ் போதாது, கோட் 10 (லாரி) வேண்டும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பதும் அதைத்தான். டயர் சுமை எண்ணும் ஒத்துவராது. ஆகவே உள்ளே கட்டுபவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் ஒப்பந்தத்தில் இரண்டு எண்களை எழுதி வாங்குங்கள்: முடித்த வண்டியின் காலி எடை, முன் அச்சிலும் பின் அச்சிலும் தனித்தனியாக. வண்டியை எடுக்கும் நாளில் எடைமேடையில் ஏற்றி அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டுதான் கடைசித் தவணை.

அதே ஆளிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "ஆரஞ்சு கேபிள் எங்கே போகிறது?" மின்சார வண்டியில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் 400 வோல்ட் சுமப்பவை, பேட்டரி தரைக்கு அடியில். படுக்கைக்கும் இருக்கைக்கும் போல்ட் போட டீசல் வேனில் துளைப்பது போல இங்கே துளைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேன் தயாரிப்பாளரின் உள்கட்டு வரைபடம் அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு ஆளைத் தேடுங்கள். சமையலுக்கு கேஸ் வைத்தால், அது காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படியும். தரையோடு ஒட்டிய காற்றுத் துளையும், கேஸ் சான்றிதழும் கட்டாயம்.

ஹைப்ரிட் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சாமான்களை விற்கிறார்கள். டொயோட்டா ஹைலக்ஸில் வரும் 48 வோல்ட் முறை இன்ஜினுக்குக் கைகொடுக்கும் ஒரு சின்ன மோட்டார், அவ்வளவுதான். பிளக் கிடையாது, மின்சாரத்தில் மட்டும் ஓடாது. கேரவன் இழுக்க நல்ல வண்டிதான், ஆனால் அதை வாங்கிவிட்டு "ஹைப்ரிட் வாங்கினேன்" என்று மருமகனிடம் சொல்ல முடியாது. நம் டர்பன் ப்ராஸ்பெக்டனில் செய்கிற கொரோலா கிராஸ் ஹைப்ரிட் இரண்டாவது வகை; பிரேக் பிடிக்கும்போது சக்தியைச் சேமித்து நகரத்தில் பெட்ரோலைக் குறைக்கும், பெரிய கேரவனுக்கு ஆகாது. மூன்றாவது பிளக் போடும் ஹைப்ரிட், உங்கள் தேவைக்கு அருகில் வருவது இதுதான். 2025-இல் இங்கே வந்த பிஒய்டி ஷார்க் 6 பக்கியில் 29.6 யூனிட் பேட்டரி, 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 2,500 கிலோ வரை இழுக்கலாம், வண்டியிலேயே 230 வோல்ட் துளைகள். ஃபோர்ட் ரேஞ்சரின் பிளக் வகை 11.8 யூனிட் பேட்டரியோடு ப்ரிட்டோரியா சில்வர்ட்டனில் செய்யப்பட்டு வெளிநாடு போகிறது.

இந்த வகையில் சறுக்கும் இடம் எது என்றால், மலை அடிவாரத்தில் பேட்டரி காலியாக வந்து சேர்வது. பக்கியும் 1,300 கிலோ கேரவனும் ஆட்களும் சேர்ந்து 4,400 கிலோ. 5 சதவீத ஏற்றத்தில் 80-இல் ஏற 70 கிலோவாட்டுக்கு மேல் தொடர்ந்து வேண்டும். பேட்டரியில் சரக்கு இருந்தால் மோட்டார் தோள் கொடுக்கும். இல்லையென்றால் சின்ன இன்ஜின் ஒன்றே ஓட்டவும் வேண்டும், பேட்டரியை நிரப்பவும் வேண்டும். அலறும், சூடேறும், வேகம் விழும். ஆகவே டர்பனில் கிளம்பும்போதே பேட்டரியைக் காப்பாற்றும் அமைப்பில் 60, 70 சதவீதத்தில் பூட்டிவிட்டு, சமதளத்தில் பெட்ரோலில் போங்கள். ஏற்றத்தில் வண்டி தானே எடுத்துக்கொள்ளும். கேரவன் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டுவதால் லைசென்ஸில் இபி (EB, கனமான கேரவன் இழுக்கும் அனுமதி) இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேம்பில் இதன் வசதி பெரிது. 29.6-இல் 20 யூனிட்டை வாழ்க்கைச் செலவுக்கு ஒதுக்கினால் ஏசி இல்லாமல் ஆறு நாள், ஏசியோடு இரண்டு நாள். அதற்குக் கீழே இறங்கினால் இன்ஜின் தானாகக் கிளம்பும். நள்ளிரவில் பக்கத்துக் கூடாரத்தில் தூங்குபவர் எழுந்து வருவார். அந்த வரம்பை முன்கூட்டியே அமைப்பில் வைத்துவிடுங்கள். பக்கியின் துளையிலிருந்து கேரவனுக்கு இணைக்கும்போது, முன்னே சொன்ன மிதக்கும் நியூட்ரல் பிரச்சினையால் கேரவனின் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் இணைப்பை வெட்டும் கருவி) வெட்டாமல் போகலாம். சோதனைப் பொத்தானை அழுத்தியதும் வெட்டுகிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள், பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. ஒருமுறை மீட்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

கேரவன் பேட்டரியை ஓடும்போது நிரப்ப, பழைய டீசலில் போட்ட வோல்ட் ரிலே (வோல்ட் ஏறினால் இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் சுவிட்ச்) இதில் வேலை செய்யாது. பிளக் ஹைப்ரிட்டில் பொதுவாக ஆல்டர்னேட்டரே கிடையாது; பெரிய பேட்டரியிலிருந்து ஒரு மாற்றி 12 வோல்ட் தருகிறது, அந்த வோல்ட் ஏறி இறங்கும். 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று இடையில் வேண்டும், அதுவும் வண்டி இயங்கும் நிலையில் மட்டும் ஓடும்படி. இல்லாவிட்டால் இரவில் சின்ன 12 வோல்ட் பேட்டரி வற்றிவிடும். பெரிய பேட்டரி நிரம்பியிருந்தும் காலையில் வண்டி கண்ணே திறக்காது. ஒரு கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் எப்போதும் உள்ளே இருக்கட்டும், ஆனால் பூட்டு திறக்காத பின்கதவுக்குள் வைக்காதீர்கள்.

உங்கள் பயணங்களை வைத்துப் பார்த்தால்: செயின்ட் லூசியா 240 கிலோமீட்டர், என் 2 (N2) பெரிய மலை இல்லாத சாலை, எம்பங்கேனி அல்லது ரிச்சர்ட்ஸ் பேயில் ஒரு நிறுத்தம் போதும். டிராகன்ஸ்பர்க்கும் சரி. க்ரூகருக்குள் மின்சார வேன் ராஜா. தார்ச் சாலையில் 50-க்கு மேல் போகக் கூடாது என்பதால் 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட்டில் முடியும், யானைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் நிற்கலாம். அங்கே போய்ச் சேர்வதுதான் இரண்டு நாள் வேலை. இந்த மூன்றுக்கு மட்டும் என்றால், எடைச் சீட்டு ஒத்துவந்தால், மின்சார வேனை நான் மறுக்க மாட்டேன். ஜொகன்னஸ்பர்க்கும் அடிக்கடி உண்டு, கலஹாரிப் பக்கம் போகும் எண்ணமும் உண்டு என்றால் பிளக் ஹைப்ரிட் பக்கியும் 1,300 கிலோவுக்குள் ஒரு கேரவனும். கேரவனைக் கேம்பில் விட்டுவிட்டு பக்கியில் மட்டும் சுற்றும்போது மின்சாரத்திலேயே ஓடலாம், மால் பார்க்கிங் சிலவும் திறக்கும்.

வருடத்தில் நாற்பது வாரம் வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கும். எந்த வகை பேட்டரி என்று கேட்டு வையுங்கள். நிக்கல் வகை என்றால் 50, 60 சதவீதத்தில் நிறுத்துங்கள். டர்பன் வெயிலில் 100-இல் மாதக்கணக்கில் நின்றால் சீக்கிரம் கிழடாகும். இரும்பு-பாஸ்பேட் வகைக்கு அந்தப் பயம் குறைவு, ஆனால் அவ்வப்போது 100 வரை நிரப்பினால்தான் மீட்டர் சரியான எண்ணைக் காட்டும்.

மகள் வீட்டுக்கு ஈஸ்டரில் போவதாக இருந்தால் நாளைத் தேர்ந்தெடுங்கள். வியாழன் மாலை ஜொகன்னஸ்பர்க் முழுக்க டர்பனை நோக்கி இறங்கும், திங்கள் அதே கூட்டம் மேலே ஏறும். அன்று சார்ஜர் வாசலில் நாலு வண்டி நிற்கும். வெள்ளிக்கிழமை இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் பூசையை முடித்துக்கொண்டு சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினால், மேலே போகும் பக்கம் சாலையும் காலி, துப்பாக்கியும் காலி.